க்வைட் என்றால் ரொம்பவா, சுமாரா?

கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஓரளவு ஆங்கிலம் வரும். இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் வழி சொல்வார்கள், விலை பேசுவார்கள், வந்தவரைச் சிரிக்கவும் வைப்பார்கள். அவர்களை மடக்குவது பெரிய பெரிய வார்த்தைகள் அல்ல. பெரிய வார்த்தைக்கு அகராதி இருக்கிறது. மடக்குவது க்வைட் (quite) மாதிரிப் பொடி வார்த்தைகள். தங்கிவிட்டுப் போனவர் இணையத்தில் 'தி ரூம் வாஸ் க்வைட் குட்' என்று எழுதியிருக்கிறார். இதற்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா?

இந்த வார்த்தைக்கு அகராதியைப் புரட்டினால் குழப்பம் இன்னும் கூடும். 'முற்றிலும்' என்று ஒரு பொருள் போட்டிருக்கும். கொஞ்சம் கீழே 'ஓரளவு' என்றும் போட்டிருக்கும். முழுக்க என்பதும் பாதி என்பதும் ஒரே வார்த்தைக்கு எப்படிப் பொருளாகும் என்று அகராதியை மூடி வைத்தவர்கள் உண்டு. அகராதி பொய் சொல்லவில்லை. இரண்டு பொருளும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி.

மாதிரிக்கு, இப்படி ஒரு விருந்தினர் குறிப்பு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்:

'இட் இஸ் க்வைட் எ லாங் டிரைவ் ஃப்ரம் கொடை ரோடு. தி ரூம் வாஸ் க்வைட் குட். தி வாட்டர் வாஸ் நாட் க்வைட் ஹாட் இனஃப். பட் தி வியூ வாஸ் க்வைட் பெர்ஃபெக்ட்.'

தமிழில் சொன்னால்: 'கொடை ரோட்டிலிருந்து நல்ல தூரம்தான். அறை பரவாயில்லை. வெந்நீரில் சூடு கொஞ்சம் போதவில்லை. ஆனால் ஜன்னல் வழியே தெரியும் காட்சி இருக்கிறதே, ஒரு குறை சொல்ல முடியாது.'

நாலு வாக்கியம், நாலிலும் க்வைட். தமிழில் நாலுக்கும் நாலு விதமான பேச்சு. (முதல் வாக்கியத்தைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடை ரோடு என்று பெயர்ப்பலகை பார்த்து ரயிலிலிருந்து இறங்குகிறவருக்கு, கொடைக்கானல் இன்னும் 80 கிலோமீட்டர் என்று தெரிய வரும்போது வரும் பெருமூச்சு அது.)

அடுத்த வார்த்தையைப் பாருங்கள்

க்வைட்டுக்குத் தனியாக ஒரு பொருள் இருப்பதாக நினைத்துத் தேடினால் கிடைக்காது. அது எந்த வார்த்தையின் முன்னால் நிற்கிறதோ, அந்த வார்த்தைதான் பொருளை முடிவு செய்கிறது.

வார்த்தைகளில் இரண்டு சாதி உண்டு. சிலவற்றுக்கு அளவு இருக்கிறது. குளிர் என்றால் லேசான குளிர், நல்ல குளிர், பல்லைக் கிட்டவைக்கும் குளிர் என்று படிப்படியாக ஏறும். விலை, தூரம், உயரம், அழகு, சுத்தம் எல்லாம் இப்படித்தான். இன்னும் சிலவற்றுக்குப் படி கிடையாது. ஒன்று இருக்கும், இல்லையென்றால் இருக்காது. கடைசி பஸ் போய்விட்டதா? போய்விட்டது, அல்லது போகவில்லை. கொஞ்சம் போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. முடியாது, தவறு, முடிந்தது, செத்தது, தனியாக என்பவையெல்லாம் இந்த ரகம்.

படி உள்ள வார்த்தையின் முன்னால் வந்தால் க்வைட் 'ஓரளவு, நன்றாகவே' என்ற பக்கம் சாயும். 'இட் இஸ் க்வைட் கோல்ட்' என்றால் குளிர் இருக்கிறது, ஸ்வெட்டர் வேண்டும், ஆனால் நடுங்குகிற அளவுக்கு இல்லை. படி இல்லாத வார்த்தையின் முன்னால் வந்தால் 'முழுக்க, சுத்தமாக, அடியோடு' என்று அழுத்தம் கொடுக்கும். 'தட் இஸ் க்வைட் இம்பாஸிபிள்' என்றால் அது நடக்கவே நடக்காது. 'யூ ஆர் க்வைட் ரைட்' என்றால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஓரளவு சரி என்று இதைப் புரிந்துகொண்டு யாரும் வருத்தப்பட வேண்டாம்.

எந்த ரகம் என்று தெரியவில்லையா? அந்த வார்த்தைக்கு முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள். 'வெரி கோல்ட்' காதுக்கு ஒத்து வருகிறது, ஆகவே படி உள்ள வார்த்தை. 'வெரி இம்பாஸிபிள்' உதைக்கிறது, ஆகவே படி இல்லாதது. ஆங்கிலக் காது இன்னும் பழகவில்லை என்றால் தமிழிலேயே 'ரொம்ப' போட்டுப் பார்க்கலாம். 'ரொம்பக் குளிர்' சரி. 'ரொம்ப முடிந்துவிட்டது' சரியில்லை. பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

குறிஞ்சிப் பூவை வைத்துப் பார்க்கலாம். பழனி மலையிலும் நீலகிரியிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. கடைசியாக 2018இல் சரிவெல்லாம் நீலமாகப் பூத்தது, கணக்குப்படி அடுத்தது 2030. இந்தப் பூவைப் பற்றிச் சுற்றுலாப் பயணி 'க்வைட் ரேர்' என்றால் 'அபூர்வம்தான்' என்று பொருள், ஏனென்றால் அபூர்வத்துக்கு அளவு உண்டு. 'க்வைட் யுனீக்' என்றால் 'இதுபோல வேறெதுவும் இல்லவே இல்லை' என்று பொருள். ஒரே பூ, ஒரே க்வைட், அடுத்த வார்த்தை மாறியதும் பேச்சின் எடையே மாறிவிட்டது.

இன்னொரு ரகமும் இருக்கிறது. சில வார்த்தைகளுக்குள்ளேயே 'ரொம்ப' ஒளிந்திருக்கும். 'ஃப்ரீஸிங்' என்றாலே ரொம்பக் குளிர். 'டெலிஷியஸ்' என்றாலே ரொம்ப ருசி. 'எக்ஸாஸ்டட்' என்றாலே ரொம்பக் களைப்பு. ஏற்கெனவே உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கும் இவற்றுக்கு முன்னால் க்வைட் வந்தால், அதுவும் முழுமைப் பொருள்தான். ஜனவரி அதிகாலையில் ஊட்டியில் புல்மேல் உறைபனி படிந்து கிடக்கும்போது 'இட் இஸ் க்வைட் ஃப்ரீஸிங்' என்று ஒருவர் சொன்னால் 'ஓரளவு உறைகிறது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குச் சூடாக ஒரு டீ கொடுங்கள்.

சோதனை கைவிடும் இடமும் உண்டு. 'டிஃபரண்ட்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 'வெரி டிஃபரண்ட்' என்று தாராளமாகச் சொல்லலாம், ஆகவே படி உள்ள வார்த்தை என்றுதான் தோன்றும். ஆனால் 'க்வைட் டிஃபரண்ட்' என்றால் பெரும்பாலும் 'முற்றிலும் வேறு' என்றே பொருள். இதற்கு நேர் எதிரான 'சிமிலர்' பக்கம் வந்தால் கதை மாறிவிடும். 'க்வைட் சிமிலர்' என்றால் 'ஓரளவு ஒரே மாதிரி' மட்டுமே. பூம்பாறைப் பக்கம் விளையும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு 'க்வைட் டிஃபரண்ட் ஃப்ரம் ஆர்டினரி கார்லிக்' என்று ஒருவர் சொன்னால், சாதாரணப் பூண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார், வாங்குவார். 'க்வைட் சிமிலர்' என்றால் பேரத்துக்கு அடி போடுகிறார்.

'ஷ்யூர்', 'சேஃப்' இரண்டும் டிஃபரண்ட் கூட்டத்தில் சேர்த்தி. 'ஐ ஆம் க்வைட் ஷ்யூர்' என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. 'இட் இஸ் க்வைட் சேஃப்' என்றால் ஒரு ஆபத்தும் இல்லை. இந்த இரண்டாவதை மலையில் வழிகாட்டிகளாக இருக்கும் தம்பிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. டால்பின் நோஸ் பாறை விளிம்பில் நின்றுகொண்டு ஒருவர் 'இஸ் இட் சேஃப்?' என்று கேட்கிறார். 'பார்த்து நின்றால் ஒன்றும் ஆகாது' என்று மனதில் நினைத்துக்கொண்டு 'க்வைட் சேஃப்' என்று சொல்லிவிடக் கூடாது. அவர் காதில் 'தாராளமாக நில்லுங்கள்' என்று விழும். 'நாட் நியர் தி எட்ஜ், ப்ளீஸ்' என்று நேராகச் சொல்வதே மேல்.

எங்கிருந்து வந்தது

க்வைட், 'விட்டுவிடு' என்ற க்விட், 'அமைதி' என்ற க்வயட் மூன்றும் ஒரே குடும்பம். லத்தீன் மொழியில் அமைதி, ஓய்வு என்ற பொருள் தரும் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. கடனோ கட்டுப்பாடோ இல்லாமல் விடுபட்டு நிற்பது என்ற பொருளிலிருந்துதான் க்வைட்டுக்கு 'முழுக்க' என்ற பொருள் வந்தது. நம்மிடமும் இதே கதை நடந்திருக்கிறது. கடன் தீர்ந்தது என்கிறோம், அதே தீர்தலை வைத்து 'தீர விசாரி' என்றும் சொல்கிறோம். அந்தத் 'தீர'தான் பழைய க்வைட். 'ஓரளவு' என்ற பொருள் அதற்கு ரொம்பக் காலம் கழித்து ஒட்டிக்கொண்டது. புதியது வந்த பிறகும் பழையது போகாமல் உட்கார்ந்திருப்பதால்தான் இவ்வளவு தலைவலி.

ஊட்டிக் காதும் கொடைக் காதும்

இனி 'க்வைட் குட்' விஷயத்துக்கு வருவோம். இதில் யார் எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ்காரர் எழுதினால் 'நன்றாகவே இருந்தது' அல்லது 'பரவாயில்லை'. அமெரிக்கர் எழுதினால் பெரும்பாலும் 'ரொம்ப நன்றாக இருந்தது'. ஒரே மொழி பேசும் இரண்டு நாட்டுக்காரர்கள் இந்தச் சின்ன வார்த்தையில் மோதிக்கொள்வது பிரசித்தம். அமெரிக்கர் சமைத்துப் போட்ட விருந்தைச் சாப்பிட்டுவிட்டு பிரிட்டிஷ்காரர் 'க்வைட் நைஸ்' என்றால் பாராட்டாகவே போய்ச் சேரும். இடத்தை மாற்றுங்கள். அமெரிக்கர் மனதாரப் புகழ்ந்து 'க்வைட் நைஸ்' என்றால், சமைத்த பிரிட்டிஷ்காரர் முகம் சுருங்கும்.

இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க நம் மலைகளே போதும். ஊட்டி பிரிட்டிஷ்காரர் உண்டாக்கிய ஊர். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறி வந்தார். 1822இல் கல் பங்களா எழும்பத் தொடங்கியது. அதன்பின் சென்னை மாகாண அரசே கோடையில் அங்கே மூட்டை கட்டிக்கொண்டு போனது. கொடைக்கானலில் 1845இல் முதலில் வீடு கட்டியவர்கள் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள். அவர்கள் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். ஏரியை வெட்டியவர் என்னவோ மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரத் துரைதான், 1863இல். அதற்காகக் கொடையை பிரிட்டிஷ்காரர் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆகவே 'ஊட்டிக் காது', 'கொடைக் காது' என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக் காதில் 'க்வைட் குட்' என்பது சுமாருக்கு மேல், ரொம்பவுக்குக் கீழ். கொடைக் காதில் அது ஏறத்தாழ 'வெரி குட்'. இரண்டு ஊர்க்காரர்களும் உண்மையில் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று சொல்லவில்லை. இரண்டு ஊரிலும் பிள்ளைகள் படிப்பது ஒரே பாடப்புத்தகம்தான். நினைவில் நிற்க ஒரு கொக்கி, அவ்வளவே.

ஊட்டிக் காதுக்குள் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது, குரல். பிரிட்டிஷ்காரர் 'குட்' என்பதை அழுத்திச் சொன்னால் மெச்சுகிறார். 'க்வைட்' என்பதை அழுத்தி, கொஞ்சம் இழுத்துச் சொன்னால் பின்னால் ஒரு 'ஆனால்' வரப்போகிறது. இது தமிழருக்குப் புரியாத விஷயமே இல்லை. நம் 'பரவாயில்லை'யை நினைத்துப் பாருங்கள். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்கிறீர்கள். 'அட, பரவாயில்லையே!' என்றால் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. 'ம்… பரவாயில்லை' என்றால் ரசத்தில் புளி கூட, பாயசம் பந்தி முடியுமுன்பே தீர்ந்துவிட்டது. எழுத்து ஒன்றுதான், தொண்டை வேறு. க்வைட் குட் அச்சு அசல் இதேதான். அதனால் 'க்வைட்' என்பதற்கு 'மிகவும்' என்று மனப்பாடம் செய்வதைவிட, 'பரவாயில்லை'யின் ஆங்கிலத் தம்பி என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

எழுத்தில் குரல் கேட்காது. அப்போது அக்கம்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த வாக்கியம் 'பட்' என்று தொடங்குகிறதா? மற்றவற்றுக்கு 'எக்ஸலண்ட்', 'லவ்லி' என்று அள்ளிக் கொடுத்தவர் அறைக்கு மட்டும் 'க்வைட் குட்' போட்டிருக்கிறாரா? நட்சத்திரம் எத்தனை? ஐந்து நட்சத்திரமும் 'க்வைட் குட்'டும் சேர்ந்து வந்தால் சந்தோஷமாக நன்றி எழுதலாம். மூன்று நட்சத்திரத்தோடு வந்தால் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நன்றி எழுதலாம்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நம் விளம்பரத்தில் நாமே 'க்வைட் கிளீன் ரூம்ஸ்' என்று எழுதினால் என்ன ஆகும்? எழுதியவர் மனதில் 'பளிச்சென்று இருக்கும்' என்ற பெருமை. லண்டனில் உட்கார்ந்து படிப்பவர் கண்ணில் 'ஓரளவு சுத்தமான அறைகள்'. நம் சரக்கை நாமே புகழும் இடத்தில் க்வைட் வேண்டவே வேண்டாம். 'வெரி கிளீன்' என்றோ வெறும் 'கிளீன்' என்றோ போட்டால் போதும். ஒருவருடைய சமையலை, பிள்ளையை, பாட்டைப் புகழும்போதும் இதேதான்.

நாட் க்வைட்

இது சுலபம், அதேசமயம் ரொம்ப உபயோகமானது. 'இல்லை' என்ற சொல் முன்னால் வந்துவிட்டால் ஊட்டி, கொடை என்ற சண்டையே கிடையாது. 'நாட் க்வைட்' என்றால் 'கிட்டத்தட்ட, ஆனால் இன்னும் இல்லை'. 'தி லஞ்ச் இஸ் நாட் க்வைட் ரெடி' என்றால் குக்கர் விசில் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம். 'நாட் ரெடி' என்றால் அரிசியே களையவில்லை என்றும் இருக்கலாம்.

மரியாதையாக மறுக்கவும் இது கைகொடுக்கும். விருந்தினர் 'யூ செட் டூ தௌசண்ட், ரைட்?' என்கிறார். நீங்கள் சொன்னது இரண்டாயிரத்து ஐந்நூறு. 'நோ, ராங்' என்று முகத்தில் அடிப்பதைவிட 'நாட் க்வைட், சார்' என்று தொடங்கினால் பேச்சு இதமாகப் போகும். புரியவில்லை என்று சொல்வதற்கும் அப்படியே: 'ஐ டோன்ட் க்வைட் அண்டர்ஸ்டாண்ட்' என்றால் 'கொஞ்சம் புரிந்தது, முழுசாகப் பிடிபடவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்.' இந்த வரிசையை மாற்றி 'ஐ க்வைட் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' என்று சொல்வது பலருக்கும் வழக்கம். 'டோன்ட்' முன்னால், க்வைட் பின்னால்.

ஒன்று கவனியுங்கள். ரொம்ப நாசூக்கானவர்கள் 'நாட் க்வைட் வாட் வி எக்ஸ்பெக்டட்' என்று எழுதினால், கிட்டத்தட்ட எதிர்பார்த்தது போலவே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஏமாற்றத்தைத்தான் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

க்வைட்டுக்குப் பின்னால் ஒரு 'எ'

'வெரி'யும் க்வைட்டும் இடம்பிடிப்பதில் வேறுபடும். 'எ வெரி ஸ்டீப் ரோடு' என்போம், 'எ' முன்னால். க்வைட் வந்தால் 'க்வைட் எ ஸ்டீப் ரோடு', 'எ' பின்னால். 'எ க்வைட் ஸ்டீப் ரோடு' என்பது தவறில்லை, ஆனால் பேச்சில் அவ்வளவாக வராது. தமிழில் 'எ', 'தி' போன்றவை கிடையாது என்பதால் இந்த இடத்தில் நம் நாக்கு தடுக்குவது இயல்பு. பெருமாள்மலை தாண்டி வளைவு வளைவாக ஏறும் சாலையை நினைத்துக்கொண்டு 'க்வைட் எ ஸ்டீப் ரோடு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பழகிவிடும்.

நடுவில் இருக்கும் பண்புச் சொல்லை எடுத்துவிட்டால் சுவாரசியம் கூடும். 'க்வைட் எ வியூ!' நல்ல காட்சி என்று சொல்லவில்லை, பெரிய காட்சி என்றும் சொல்லவில்லை, ஆனாலும் 'என்ன காட்சிடா இது!' என்ற வியப்பு வந்துவிடுகிறது. மே மாதத்தில் மூஞ்சிக்கல்லில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது 'க்வைட் எ க்ரவுட்' என்றால் 'கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம்'. இங்கே ஓரளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. 'க்வைட் எ கேரக்டர்' என்று ஒருவரைச் சொன்னால், நாம் 'அவர் ஒரு மாதிரி ஆள்' என்று சிரித்துக்கொண்டே சொல்வோமே, அது.

எல்லாவற்றையும்விடப் பலரைக் கவிழ்ப்பது 'க்வைட் எ ஃபியூ'. ஃபியூ என்றால் சில, கொஞ்சம். க்வைட் என்றால் ஓரளவு. ஆகவே 'ஓரளவு கொஞ்சம்', அதாவது ரொம்பக் குறைவு என்று கணக்குப் போடத் தோன்றும். நேர் எதிர். 'க்வைட் எ ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் நிறையப் பேர் வந்தார்கள். இது என்ன அநியாயம் என்று கேட்பவர்கள் தமிழைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். 'கொஞ்சநஞ்சமா பாடுபட்டேன்?' என்கிறோம். 'வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை' என்கிறோம். கொஞ்சத்தைச் சொல்லி நிறையத்தை உணர்த்துவது நமக்குக் கைவந்த வித்தைதான். 'க்வைட் எ பிட்' என்றாலும் நிறையவே: 'இட் ரெய்ன்ட் க்வைட் எ பிட்' என்றால் நல்ல மழை. 'க்வைட் சம் டைம்' என்றால் ரொம்ப நேரம். ஆனால் 'ஃபியூ'வுக்கு முன்னால் வரும் அந்த 'எ'யை விழுங்கிவிட்டால் போச்சு. 'வெரி ஃபியூ', 'ஃபியூ' எல்லாம் குறைவுதான். ஒற்றை எழுத்தில் வண்டி நிறைகிறது, ஒற்றை எழுத்தில் காலியாகிறது.

மிச்சம் மீதி

வினைச்சொல்லுக்கு முன்னாலும் க்வைட் வரும், விதி அதேதான். பிடிப்பதற்கு அளவு உண்டு, ஆகவே 'ஐ க்வைட் லைக் இட்' என்றால் 'எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது'. ஒப்புக்கொள்வதிலும் மறப்பதிலும் பாதி கிடையாது, ஆகவே 'ஐ க்வைட் அக்ரீ' என்றால் முழுச் சம்மதம், 'ஐ க்வைட் ஃபர்காட்' என்றால் சுத்தமாக மறந்துவிட்டேன்.

இரண்டை ஒப்பிடும்போது க்வைட் ஒத்துவராது. ஊட்டி கொடையைவிடக் கொஞ்சம் உயரம், குளிரும் கொஞ்சம் கூட. அதைச் சொல்ல 'க்வைட் கோல்டர்' என்று போடக் கூடாது, 'எ பிட் கோல்டர்' என்க வேண்டும்; வித்தியாசம் நிறைய என்றால் 'மச் கோல்டர்'. விலக்கு ஒன்றே ஒன்று: காய்ச்சல் விட்டு எழுந்தவர் 'ஐ ஆம் க்வைட் பெட்டர் நௌ' என்றால் 'பூரணமாகக் குணமாகிவிட்டது'. ஆனால் 'எல்லாவற்றிலும் மேலான' என்ற உச்சநிலைக்கு முன்னால் தாராளமாக வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டரைக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தில் ஏறுகிறது நீலகிரி மலை ரயில். அதை ஒருவர் 'க்வைட் தி ஸ்லோயஸ்ட் ட்ரெய்ன் ஐ ஹாவ் எவர் டேக்கன்' என்றால், இதைவிட மெதுவான ரயிலில் அவர் ஏறியதே இல்லை. குறையாகச் சொல்லியிருக்க மாட்டார், அந்த ரயிலில் யாரும் அவசரத்துக்கு ஏறுவதில்லை.

'ஃபேர்லி', 'ராதர்' இரண்டும் க்வைட்டின் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். ஃபேர்லி ஒரு படி கீழே. ராதர் ஒரு படி மேலே, கூடவே ஒரு முகச்சுளிப்பும் இருக்கும். 'ராதர் கோல்ட்' என்றால் நான் நினைத்ததைவிடக் கூடுதலாகக் குளிர்கிறதே என்ற முனகல். ரஜாயைக் கூட ஒன்று எடுத்து வையுங்கள்.

எழுத்துப்பிழை பற்றி ஒரே ஒரு வார்த்தை. 'அமைதி காக்கவும்' என்று சொல்ல நினைத்து 'கீப் க்வைட்' என்று எழுதிய பலகைகளை எங்கும் பார்க்கலாம். க்வைட்டுக்குக் கடைசி எழுத்து ஈ, அதற்கு முன்னால் டி. அமைதிக்கான க்வயட்டில் ஈ முன்னால், டி கடைசி. உச்சரிப்பிலும் க்வைட் ஒரே மூச்சில் முடியும், க்வ-யட் இரண்டாக உடையும்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்க்க வேண்டாம் என்பேன். 'நாட் க்வைட்', 'க்வைட் எ', 'க்வைட் ஷ்யூர்', 'க்வைட் ரைட்' ஆகியவற்றைத் தைரியமாகப் பேசுங்கள், தவறவே தவறாது. 'க்வைட் குட்' வகையறாவைப் பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டே இருங்கள், காது பழகிய பிறகு நாக்குக்குக் கொடுக்கலாம்.

சரி, கொஞ்சம் பயிற்சி. 'தி ஷாப் இஸ் க்வைட் நியர்': தூரத்துக்கு அளவு உண்டு, ஆகவே 'கடை பக்கத்தில்தான், கொஞ்சம் நடக்க வேண்டும்'. 'தி ஸ்டோரி இஸ் க்வைட் ஃபால்ஸ்': பொய்க்கு அளவு இல்லை, ஆகவே 'அது சுத்தப் பொய்'. 'க்வைட் எ ஃபியூ மங்கீஸ்': வாழைப்பழத்தைப் பைக்குள் வையுங்கள். 'தி பஸ் வாஸ் க்வைட் எம்ப்டி': இதில் நீங்கள் தயங்கினால் அது உங்கள் தவறில்லை, இரண்டு விதமாகவும் வரும். ஒருவர்கூட இல்லாத பஸ்ஸாகவும் இருக்கலாம், நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த பஸ்ஸாகவும் இருக்கலாம். பேச்சில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கடைசியாக, 'ஐ ஹாவ் ஹேட் க்வைட் இனஃப்'. போதும் என்பதற்கு அளவு கிடையாது, ஆகவே 'போதும் போதும்'. இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னால் தோசைக்கல்லை இறக்கிவிடலாம். ராத்திரி பத்து மணிக்கு ரிசப்ஷனில் வந்து நின்று சொன்னால் மேனேஜரை எழுப்புங்கள்.